ஜான் சீனாவின் விடைபெறும் ஆண்டு: எதைப் பார்க்கலாம், எதைத் தாண்டிப் போகலாம்

அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. தொழில்முறை மல்யுத்த நட்சத்திரம் ஜான் சீனாவின் கடைசிப் போட்டி 2025 டிசம்பர் 13ஆம் தேதி இரவு வாஷிங்டனில் நடைபெற்றது. எங்களுக்கு அது மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலை. சிங்கப்பூரில் தோ பாயோவிலுள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் எழுபத்தாறு வயதான அப்பா, நான், பதினான்கு வயதான என் அக்காள் மகள் ஆகிய மூவரும் பசியாறிய தட்டுகளைக்கூட எடுத்துவைக்காமல் அதைப் பார்த்தோம். எதிராளி குந்தரின் கழுத்துப்பிடியில் சிக்கிய சீனா கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டபோது, அக்காள் மகள் சோபாவிலிருந்த திண்டைத் தொலைக்காட்சியை நோக்கி வீசினாள். அப்பாவோ எழுந்து நின்று கைதட்டினார். இந்த விமர்சனம் பெரும்பாலும் அந்தக் கைதட்டலின் பக்கம் நின்று எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாம் விடைபெறப்போவதாக 2024 ஜூலையில் டொரொண்டோவில் அறிவித்த சீனா, 2025ஆம் ஆண்டை அதற்கென ஒதுக்கினார். அந்த ஆண்டில் அவர் மோதிய முக்கியமான போட்டிகள் அனைத்தையும், மாதந்தோறும் சந்தா செலுத்தி, அவற்றில் பாதியைத் தூக்கத்தையும் விடுப்பையும் இழந்து பார்த்தவன் என்ற முறையில், இனிமேல் பதிவாகப் பார்க்க விரும்புவோருக்கு எதற்கு நேரம் செலவிடலாம் என்று சொல்ல எனக்கு ஓரளவு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றியும் தோல்வியும் முன்கூட்டியே முடிவாகிவிடுகின்றன என்பதை யாரும் எனக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. தெருக்கூத்துக்குப் போகிறவருக்கும் துரியோதனன் சாகப்போகிறான் என்பது தெரியும். யார் வெல்கிறார் என்பதைவிடத் தோற்கிறவர் எப்படித் தோற்கிறார் என்பதில்தான் இந்தத் தொழிலின் தேர்ச்சி வெளிப்படுகிறது என்பது அப்பாவின் கட்சி. ஹங்கேரியில் பிறந்து, 1970இல் சிங்கப்பூரிலேயே மறைந்த மல்யுத்த வீரர் கிங்காங்கை, கேலாங்கில் இருந்த ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் தம் தந்தையின் தோளில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். கிங்காங் யாரை வென்றார் என்பது அவருக்கு நினைவில்லை. அந்தப் பெரிய உடம்பு விழுந்தபோது பலகை அதிர்ந்த ஓசை மட்டும் இன்னும் காதில் இருக்கிறது என்பார்.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஏப்ரலில் லாஸ் வேகஸில் இரண்டு நாள் நடந்த 41ஆம் ரெசல்மேனியாவின், அதாவது நிறுவனத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியின், இறுதிப் போட்டியே அந்த ஆண்டின் பெரிய ஏமாற்றம். மார்ச் 1ஆம் தேதி டொரொண்டோவில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நல்லவராகவே இருந்த சீனா, முன்னாள் மல்யுத்த வீரரும் நடிகருமான தி ராக்கின் சொல்லைக் கேட்டு, அப்போதைய சாம்பியன் கோடி ரோட்ஸை அடித்து வீழ்த்தி வில்லனாக மாறினார். அந்த ஒரு நிமிடக் காட்சி ஏழு வாரம் எங்களைப் பேசவைத்தது. ஆனால் கதையைத் தொடங்கிவைத்த ராக் லாஸ் வேகஸுக்கு வரவேயில்லை. அவருக்குப் பதிலாகப் பாடகர் டிராவிஸ் ஸ்காட் போட்டியின் நடுவே நடந்து வந்தார். கோடி பட்டத்துக்குரிய இடைப்பட்டையைக் கையில் எடுத்தும் அதனால் அடிக்க மனம் வராமல் தயங்க, சீனா அடிவயிற்றுக்குக் கீழே அடித்து, அதே பட்டையால் தலையில் தாக்கி, தமது 17ஆவது உலகப் பட்டத்தை வென்றார். பழைய சாம்பியன் ரிக் ஃபிளேரின் 16 என்ற எண்ணிக்கையைத் தாண்டிய வரலாற்று வெற்றி, கடைத்தெருவில் பணப்பை பறிபோனதைப் போல நிகழ்ந்து முடிந்தது. வில்லன் அப்படித்தான் வெல்வான் என்று வாதிடலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தைய இருபது நிமிடம் ஏன் அவ்வளவு மந்தமாக நகர்ந்தது என்பதற்குத்தான் அந்த வாதத்தில் பதில் இல்லை.

அது எங்களுக்குத் திங்கட்கிழமைக் காலை. புனித வெள்ளி விடுமுறை ஏற்கெனவே கழிந்துவிட்டதால் நான் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தேன். நான் சந்தா செலுத்தும் சேவையில் கோடி கயிற்றில் ஏறும் நேரம் பார்த்துப் படம் உறைந்து நின்றது. மீண்டும் ஓடத் தொடங்கியபோது இருவரும் தரையில் கிடந்தார்கள். இடையில் என்ன நடந்தது என்பதை மாலையில் பதிவில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பெரிதாக ஒன்றும் நடந்திருக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் பார்க்க வேண்டியவை வேறு இருந்தன. இயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியாங்கா பெலேர் மூவரும் மோதிய பெண்கள் போட்டியை நான் இதுவரை நான்கு முறை பார்த்துவிட்டேன். மூவர் மோதும்போது ஒருவர் எப்போதும் வெளியே படுத்துக்கிடப்பார், மற்ற இருவர் சண்டையிடுவார்கள். இந்த வகைப் போட்டிகளின் பெருங்குறை அது. இவர்களோ மூவரையும் விடாமல் உள்ளே வைத்துப் பின்னியிருந்தார்கள். முதல் நாள் இறுதியில் சிஎம் பங்க்கையும் ரோமன் ரெய்ன்ஸையும் ஒருசேரக் கைவிட்டு, வீரர்களுக்காக வாதாடும் மேலாளர் பால் ஹேமன் செத் ராலின்ஸின் பக்கம் போய்ச் சேர்ந்ததைக் கண்ட அப்பா, "சகுனிகூட ஒரு பக்கமாத்தான்டா இருந்தான்" என்றார். அன்று ஜே ஊசோவின் கழுத்துப்பிடியில் குந்தர் தட்டித் தோற்றதை நாங்கள் அதிகம் பொருட்படுத்தவில்லை. டிசம்பர் வந்த பிறகுதான் அதன் பொருள் புரிந்தது.

நடுவிலுள்ள மாதங்களை விரைவாகக் கடந்துவிடலாம். செயின்ட் லூயிஸில் ராண்டி ஆர்ட்டனுடன், ரியாத்தில் பங்க்குடன், பாரிஸில் லோகன் பாலுடன் நடந்தவற்றுள் பங்க்குடன் நடந்தது மட்டும் பழைய பகையின் சூட்டால் தேறுகிறது. ஆகஸ்ட் 3ஆம் தேதி நியூஜெர்சியில் நடந்த சம்மர்ஸ்லாம் தெருச்சண்டைப் போட்டி வேறு தரம். வில்லன் வேடத்தை இரண்டு நாளுக்கு முன்புதான் கழற்றிப் போட்டிருந்த சீனா, ஏப்ரலில் திருடிய பட்டத்தை அங்கே கோடியிடம் நேர்மையாக இழந்தார். ரெசல்மேனியாவில் நடந்திருக்க வேண்டிய போட்டி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஏப்ரலில் ஏமாந்தவர்கள் அந்தப் போட்டியை மறந்துவிட்டு இதை மட்டும் பார்த்தால் கதையில் ஒன்றும் குறையாது.

செப்டம்பரில் இண்டியானாபொலிஸில் பிராக் லெஸ்னர் சீனாவைப் பத்து நிமிடத்துக்குள் துவைத்து எடுத்ததைப் பற்றி எனக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. அப்பாவுக்குப் பிடித்திருந்தது; வயதான ஆளை மாடு முட்டினால் அப்படித்தான் இருக்கும் என்றார். எனக்கோ, 2014 சம்மர்ஸ்லாமில் இதே லெஸ்னர் இதே சீனாவை இதே போலச் சுழற்றிச் சுழற்றி எறிந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், பழைய குழம்பைச் சுடவைத்துப் பரிமாறியது போல இருந்தது.

இனி பெர்த். பெர்த்தின் கடிகாரமும் சிங்கப்பூரின் கடிகாரமும் ஒன்று என்பதால், அலாரம் வைக்காமல், விடுப்பு எடுக்காமல், சனிக்கிழமை இரவு மனிதர்கள் விழித்திருக்கும் நேரத்தில் பார்க்கக் கிடைத்த ஒரே பெரிய நிகழ்ச்சி அக்டோபர் 11ஆம் தேதி நடந்த கிரவுன் ஜுவல்தான். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. அம்மா அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். எண்ணெயில் மாவு விழும் சீற்றத்தையும் மீறிக் கேட்கும் அளவுக்கு நாங்கள் ஒலியைக் கூட்டிவைத்திருந்தோம்.

அங்கே மோதிய சீனாவும் ஏஜே ஸ்டைல்ஸும் 2016இல் மோதத் தொடங்கியவர்கள். அந்த ஆண்டு சம்மர்ஸ்லாமில் ஸ்டைல்ஸ் எவ்விதச் சூழ்ச்சியும் இல்லாமல் வென்றார். சீனா தமது கைப்பட்டையை மேடையின் நடுவில் விட்டுவிட்டுப் போனார். 2017 ஜனவரியில் ஸ்டைல்ஸை வீழ்த்தித்தான் சீனா தமது 16ஆவது பட்டத்தைப் பெற்றார். பெர்த்தில் மோதியபோது இருவருக்கும் நாற்பத்தெட்டு வயது. அன்றைய வேகம் இருவரிடமும் இல்லை என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்டுகொள்ளலாம்; சீனா கயிற்றிலிருந்து திரும்பும்போது ஒரு நொடி தாமதமாகிறது, ஸ்டைல்ஸ் எழும்போது முதுகைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் அந்தத் தாமதத்தை அவர்கள் மறைக்க முயலவில்லை. வேகத்துக்குப் பதிலாக நினைவை வைத்துப் போட்டியைக் கட்டினார்கள். தாம் முன்பு மோதியவர்களின், உடன் வளர்ந்தவர்களின் அடையாள அடிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒருவர்மீது ஒருவர் பிரயோகித்தார்கள். 2023இல் முப்பத்தாறு வயதில் இறந்துபோன பிரே வயட்டின் 'சிஸ்டர் அபிகெயில்' அடியைச் சீனா எடுத்தபோது, ஸ்டைல்ஸின் தலையை மடியில் சாய்ப்பது போலத் தாங்கிய அந்தக் கண நேரத்தில், அக்காள் மகள் கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயட்டை அவ்வளவாகத் தெரியாது. அரங்கம் எழுப்பிய ஓசையிலிருந்தே யாரையோ நினைக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்டர்டேக்கரின் 'டூம்ஸ்டோன்' அடியும் பிறகு வந்தது. சீனா வென்றார். ஆனால் யார் வென்றது என்று மறுநாள் பக்கத்து வீட்டு நண்பர் கேட்டபோது, ஒரு நொடி யோசித்துத்தான் சொல்ல முடிந்தது. அந்த ஆண்டின் போட்டிகளில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரமிருப்பவர்கள் இதைப் பார்க்கட்டும்.

நவம்பரில் பாஸ்டனில் டொமினிக் மிஸ்டீரியோவிடமிருந்து சீனா பெற்ற இன்டர்காண்டினென்டல் பட்டம், பெரிய பட்டங்களுள் அவர் அதுவரை வென்றிராத ஒரே பட்டம் என்பதால் ஒரு கணக்கு நிறைவேறியது. மூன்று வாரத்துக்குள் சான் டியேகோவில் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். கணக்குப் பார்ப்பவர்களுக்கு மட்டும் இவை தேவைப்படும்.

வாஷிங்டனில் நடந்த கடைசி இரவுக்கு வருவோம். அன்றைய நிகழ்ச்சியில் சீனாவின் போட்டிக்கு முன்பு ஒபா ஃபெமி, சோல் ரூகா, ஜேவான் எவன்ஸ் போன்ற இளையவர்களுக்கு மூத்தவர்களுடன் மோத இடம் கொடுத்தது நல்ல ஏற்பாடு. அவர்களுள் ரூகாவின் பெயரை அக்காள் மகள் அன்றே குறித்துவைத்துக்கொண்டாள். குந்தர் ஆஸ்திரியக்காரர், இன்டர்காண்டினென்டல் பட்டத்தை 666 நாள் தொடர்ந்து வைத்திருந்தவர். அவரது ஆயுதம் வெறும் உள்ளங்கை. விரித்த கையை எதிராளியின் மார்பில் ஓங்கி அறைவார். அந்த அறையில் நடிப்பு கிடையாது, கிடைக்கும் ஓசை தச்சர் பலகையைப் பலகைமேல் போடுவது போலிருக்கும். நாலைந்து அறைக்குப் பிறகு மார்பில் விரல் அடையாளம் தெரியும், பிறகு அடையாளங்கள் ஒன்றாகக் கலந்து முழு மார்பும் சிவந்துபோகும். இப்படியொரு ஆளிடம் சீனாவை ஒப்படைத்தது சரியான தேர்வு. மீண்டும் மீண்டும் கழுத்துப்பிடி, மீண்டும் மீண்டும் விடுபடல் என்று போட்டி நீண்டபோது, எங்களுக்கு ஒவ்வொரு முறையும் அவர் தப்பிவிடுவார் என்றே பட்டது, ஏனென்றால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதைச் சட்டையிலும் துண்டிலும் அச்சடித்து விற்ற மனிதர் அவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தட்டியதே இல்லை. கடைசிப் பிடியில் அவர் முகத்தில் சின்னப் புன்னகை ஒன்று வந்தது. பிறகு தட்டினார்.

அரங்கம் கொதித்தது. முடிவுகளைத் தீர்மானிக்கும் பொறுப்பிலுள்ள ட்ரிப்பிள் ஹெச் வெளியே வந்தபோது கூட்டம் அவரை ஏசித் தீர்த்தது. அக்காள் மகளின் வாதமும் அதுவே: தட்டாத மனிதனைக் கடைசி நாளில் தட்டவைப்பது அவமதிப்பு, தோள்களைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணித் தோற்கடித்திருக்கலாம். அவளது கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்று எண்ணித் தோற்பது மல்லாந்து கிடப்பவனுக்கு நேர்வது. தட்டுவது அவனே செய்வது. பிறர் வந்து ஓய்வுகொடுக்கும் முன்பு தாமே போதும் என்று சொல்ல நினைத்த ஒருவருக்கு இதைவிடத் தெளிவான சைகை அந்த மேடையில் இல்லை என்று நினைக்கிறேன். அதோடு, ஏப்ரலில் கழுத்துப்பிடியில் தட்டித் தோற்ற குந்தர், டிசம்பரில் அதே வகைப் பிடியால் சீனாவைத் தட்டவைத்தார். இதைத் திட்டமிட்டுத்தான் செய்தார்களா என்று கேட்டால், இந்த நிறுவனத்தின் ஞாபகசக்தியை அறிந்தவன் என்ற முறையில் எனக்குச் சந்தேகம்தான்; இருந்தாலும் பொருந்தி வந்திருக்கிறது. என் குறை ஒன்று உண்டு. வர்ணனையாளர்கள் கடைசி நிமிடம் வரை ஓயாமல் பேசினார்கள். அந்தப் புன்னகைக்கு நான்கு நொடி மௌனம் கொடுத்திருக்கலாம்.

ஆக, பெர்த் முதலில், வாஷிங்டன் அடுத்து, சம்மர்ஸ்லாம் அதன் பின். ரெசல்மேனியாவில் பெண்கள் போட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வார இறுதியில் நிதானமாக முடித்துவிடலாம். பார்த்த பிறகு நேரில் ஓர் அடியின் ஓசையைக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்கு, 2012 முதல் இயங்கிவரும் சிங்கப்பூர் புரோ ரெஸ்லிங்கின் நிகழ்ச்சிகள் உள்ளூரிலேயே இருக்கின்றன. மேடைக்கு வெகு அருகில் உட்காரலாம்.

கோடியும் பங்க்கும் தங்கள் பட்டங்களின் இடைப்பட்டைகளைச் சீனாவின் தோள்களில் சாற்றினார்கள். அவர் காலணிகளையும் கைப்பட்டைகளையும் கழற்றி மேடை நடுவில் வைத்துவிட்டு, வணக்கம் வைத்துக்கொண்டே நடந்து போனார். எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பா நெடுநேரம் அந்தக் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அதை யாரு எடுத்து வைப்பாங்க?" என்று கேட்டார்.

"தாத்தா, இப்ப அதுவா முக்கியம்?" என்ற அக்காள் மகள், கீழே கிடந்த திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் புன்னகை வரும் இடத்துக்குப் படத்தைப் பின்னால் ஓட்டினாள்.