ஓசியில் வந்த கிரைண்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டருக்கு நான் காசு கொடுக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனி என் சமையல் பதிவுக்காக அனுப்பியது. ஓசி என்றால் ஓசி என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வகுத்த விதி.

உளுந்து அரை மணியில் பந்து போலப் பொங்கி வந்தது. இட்லி பஞ்சு. ஆனால் டிரம்மில் கைப்பிடி இல்லை. மாவோடு தூக்கினால் மணிக்கட்டு போய்விடுகிறது. இதையும் எழுதுவேன் என்று கம்பெனிப் பெண்ணிடம் சொன்னேன். "தாராளமா எழுதுங்கக்கா, எங்கம்மாவும் அதையேதான் சொல்றாங்க" என்றார். அதற்காகவே அரை நட்சத்திரம் கூடப் போட்டேன்.

போன வருடம் மிக்ஸி அனுப்பிய இன்னொரு கம்பெனிக்கு என் பெயர்கூடத் தெரியாது, 'அன்புள்ள பதிவருக்கு' என்று மொட்டை மெயில். மூன்று நாளில் நாலு வீடியோ கேட்டார்கள். மூடி ஒழுகியதை எழுதினால் நீக்கச் சொன்னார்கள். பணம்? "உங்களுக்கும் விளம்பரம்தானே மேடம்!"

இவர்கள் ஒரு மாதம் அவகாசம் தந்தார்கள். வீடியோவுக்குத் தனியாகப் பணம், அதுவும் சொன்ன தேதியில். வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருள் கொடுத்தால் 10 சதவீத வரி பிடிக்க வேண்டும் என்ற 2022 விதியையும், திருப்பி அனுப்பினால் அது கிடையாது என்பதையும் அவர்களே விளக்கினார்கள்.

நான் திருப்பி அனுப்பவில்லை. நாலரை நட்சத்திரம்.