தோட்ட வேலைக்குக் கொட்டேஷன் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டைச் சுற்றித் தோட்டம் அமைத்துத் தருகிறேன் என்று வந்த ஒரு கான்ட்ராக்டரிடம் ஏமாந்த கதை இது. பெயர் போடவில்லை. அவர் நீட்டிய கொட்டேஷன் எப்படி இருந்தது என்று தெரிந்தால் போதும், அதே மாதிரித் தாள் வேறு கையிலிருந்தும் உங்களிடம் வரலாம்.

ஒரே பக்கம். ‘மண் நிரப்புதல், புல்தரை, நடைபாதை, செடிகள், சொட்டுநீர், முழு வேலைக்கும்’ என்று போட்டு, கீழே ஒரே தொகை. கூடவே காட்டிய படங்கள் மட்டும் பிரமாதம். தொகையோ மற்றவர்கள் கேட்டதைவிட நன்றாகவே குறைவு.

வேலை முடிந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் நல்ல மழைக்குச் சுவரோரமாகத் தண்ணீர் குளம் கட்டியது. நடைபாதைக் கற்கள் கால் வைத்தால் ஆடின. ஒன்றை நெம்பி எடுத்தேன். அடியில் விரல் கனத்துக்கு மணல், அதற்குக் கீழே நேராகப் பொலபொலவென்ற மண். ஜல்லி ஒரு துண்டு கிடையாது. ஆட்கள் மட்டும் நடக்கிற பாதைக்கே 4 அங்குலமாவது ஜல்லி கொட்டி, இடித்து இறுக்கி, மேலே சுமார் 1 அங்குலம் மணல் பரப்பித்தான் கல் பதிக்க வேண்டும். வண்டி ஏறும் இடமென்றால் இன்னும் கனமாக.

புல்தரை அதைவிட மோசம். மஞ்சளித்த இடத்தில் பத்தையைப் பிடித்துத் தூக்கினால் பாய் மாதிரி சுருண்டு கையோடு வந்தது. வேர் இறங்கவே இல்லை. எங்கே இறங்கும்? 1 அங்குலம் நல்ல மண், அப்புறம் செங்கல் துண்டு, சிமெண்ட் கட்டி, ஒரு கிழிந்த சாக்கு.

கூப்பிட்டுக் கேட்டால், “கொட்டேஷன்ல ஜல்லின்னு எங்க சார் போட்டிருக்கு?” என்கிறார். போடவில்லைதான். மண் நிரப்புதல் என்று இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. இந்த ஏமாற்று வேலை முழுவதும் தாளில் எழுதாத இடத்தில்தான் நடக்கிறது.

அதனால் கையெழுத்துப் போடும் முன் பூமிக்கு அடியில் போவதை எல்லாம் அளவோடு எழுதி வாங்குங்கள். மண்ணையே எடுத்துக்கொள்வோம். 1000 சதுர அடிக்கு 6 அங்குலம் நிரப்ப 500 கன அடி மண் வேண்டும். 1 அங்குலத்தோடு நிறுத்தினால் 83 கன அடி போதும். ஆறில் ஒரு பங்கு! மேலே புல்லை விரித்துவிட்டால் இரண்டும் ஒரே பச்சை. கொட்டேஷன் எப்படிக் குறைந்தது என்று இப்போது புரிகிறதா?

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான தரைச் சரிவு. சுவரை ஒட்டிய மண்தரை வெளிப்பக்கமாக 10 அடிக்கு 6 அங்குலம் இறங்க வேண்டும். கல் பாவிய தரைக்கு இரண்டரை அங்குலம் அளவுக்கு இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். ‘தேவையான வாட்டம்’ என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது அவருக்குத் தேவையான வாட்டமாகிவிடும். கட்டட இடிபாட்டை யார் அள்ளிக்கொண்டு போவது, தோண்டும்போது குழாயோ கேபிளோ அறுந்தால் யார் செலவு, இதற்கெல்லாம் ஒரு வரி இருக்கட்டும். ‘அலங்காரச் செடிகள்’ என்பதும் வேண்டாம். செடியின் பெயர், எண்ணிக்கை, எந்த அளவுத் தொட்டியில் வரும், பட்டுப்போனால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்று இருக்க வேண்டும்.

பணத்தை வேலைக்குத் தகுந்தாற்போல் பிரித்துக் கொடுங்கள். ஜல்லி இடித்ததும் ஒரு பகுதி, மண் நிரப்பியதும் ஒரு பகுதி. கல்லும் புல்லும் மேலே ஏறும் முன் ஒரு கம்பியைக் குத்தி ஆழம் பார்த்துவிடலாம். கடைசித் தவணையைத் தருமுன் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஆளை அப்படியே அனுப்பிவிடலாம்.

இப்போது சரிசெய்ய வேறொருவரைப் பேசியிருக்கிறேன். வந்தவுடன் மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்றுதான் கேட்டார். முன்னவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருடைய கொட்டேஷனில் ஜல்லிக்கு எதிரே ‘இடித்தபின் 4 அங்குலம்’ என்று இருக்கிறது. தொகை அதிகம்தான். அதில் முதல் வரியே, பழைய கல்லையும் புல்லையும் பெயர்த்து அப்புறப்படுத்தும் கூலி.