செத்துப்போன பிராஞ்சுகளோடு குடித்தனம்: கிட் பயன்பாட்டு அனுபவம்

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருள்களில், சப்வெர்ஷனிலிருந்து கிட்டுக்கு (Git) மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அம்பத்தூர் நண்பர் ஒருவர், பிராஞ்ச் (மற்ற வேலையைத் தொடாமல் தனியே மாற்றங்கள் செய்வதற்கான கிளை) விஷயத்தில் கிட் உண்மையிலேயே அவ்வளவு சுகமா என்று கேட்டிருந்தார். கமிட் (மாற்றங்களைப் பதிவாக்குவது), மெர்ஜ் (ஒரு பிராஞ்சை இன்னொன்றோடு இணைப்பது) பற்றியெல்லாம் அவருக்குத் தெரியும். எனவே, பல ஆண்டுகளாக நாள்தோறும் கிட்டோடு புழங்குகிறவன் என்ற முறையில், பிடித்ததையும் பிடிக்காததையும் மட்டும் எழுதுகிறேன்.

பிடித்தது வேகம். புதிய பிராஞ்ச் என்பது வழக்கமாக ஒரு கமிட்டின் 40 எழுத்து அடையாளத்தை ஒரு சிறு ஃபைலில் எழுதி வைப்பதுதான். ப்ராஜெக்ட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். சர்வரைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாததால், வேளச்சேரி பறக்கும் ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வரும்போதும் பிராஞ்ச் உருவாக்கலாம், மாறலாம், கமிட் செய்யலாம். 2019இல் 2.23ஆம் பதிப்போடு 'கிட் ஸ்விட்ச்' வந்த பிறகு இன்னும் நிம்மதி. அதற்கு முன்பு பிராஞ்ச் மாறுவதற்கும், ஒரு ஃபைலில் செய்த மாற்றங்களைத் தூக்கி எறிவதற்கும் 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளைதான் இருந்தது. யார் இப்படி யோசித்தார்களோ! 'ஸ்விட்ச்' என்று அடித்து ஒரு ஹைபன் மட்டும் போட்டால் முந்தைய பிராஞ்சுக்குத் திரும்பிவிடலாம் என்பது சிறிய வசதிதான், ஆனாலும் நான் மிக அதிகமாகப் பயன்படுத்துவது அதைத்தான்.

எரிச்சல், சர்வரில் உள்ள பிரதிக்கு கிட் வழக்கமாக வைக்கும் 'ஒரிஜின்' என்ற பெயரில் தொடங்குகிறது. 'ஒரிஜின்/மெயின்' என்று நம் கணினியில் தெரிவது சர்வரில் இப்போது இருக்கும் மெயின் (முதன்மை பிராஞ்ச்) அன்று. கடைசியாக ஃபெட்ச் செய்தபோது (சர்வரில் உள்ள புதியவற்றை எடுத்துவந்தபோது) அது இருந்த நிலை. இது தெரியாமல், அணிக்குப் புதிதாக வந்த தம்பி, "அண்ணா, ஸ்டேட்டஸ் அப்-டு-டேட்னுதான் காட்டுது, ஆனா புஷ் ரிஜெக்ட் ஆகுது" என்று வந்து நின்றார். (புஷ் என்பது நம் கமிட்டுகளை சர்வருக்கு அனுப்புவது.) அவரைக் குறை சொல்ல முடியாது. நேற்றைய பேப்பரைப் பார்த்து இன்றைய தங்க விலையைச் சொல்வதுபோல் கிட் பதில் சொல்கிறது. எந்தத் தேதிப் பேப்பர் என்பதையாவது சொல்லக்கூடாதா?

அதைவிடக் கடுப்பேற்றுவது, சர்வரில் அழிக்கப்பட்ட பிராஞ்சுகள் இங்கே அழியாமல் பட்டியலில் உட்கார்ந்திருப்பது. சாதாரண ஃபெட்ச் அவற்றைத் தொடாது. சர்வரில் 'பேமென்ட்' என்ற பிராஞ்சை அழித்துவிட்டு 'பேமென்ட்/ரீஃபண்ட்' என்று ஒன்றை யாராவது உருவாக்கினால், பழைய பெயர் நம்மிடம் இன்னும் இருப்பதால் புதியதை உள்ளே கொண்டுவர முடியாமல் ஃபெட்ச் பிழை காட்டும். வேடிக்கை என்னவென்றால், செத்த பெயர்களைக் களையும் 'கிட் ரிமோட் ப்ரூன் ஒரிஜின்' கட்டளையை ஓட்டிப் பார் என்று அதே பிழைச் செய்தி யோசனையும் சொல்கிறது. மருந்து தெரிந்த நீயே கொடுக்கக் கூடாதா?

சரி, ப்ரூன் செய்தாயிற்று. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்த பிராஞ்சின் உள்ளூர்ப் பிரதி அப்படியே இருக்கும். எங்கள் அணியில் ஸ்குவாஷ் முறையில் (பல கமிட்டுகளை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்வதால், அந்த வேலை மெயினில் புது கமிட்டாகச் சேர்ந்திருக்கும். அதனால் 'கிட் பிராஞ்ச்' கட்டளையில் சிறிய 'டி' (-d) போட்டு அழிக்கப்போனால், முழுமையாக மெர்ஜ் ஆகவில்லை என்று கிட் மறுக்கும். மெர்ஜ் ஆகாத வேலையைக் காப்பாற்றுவதற்கான எச்சரிக்கை அது என்பது நியாயமே. ஆனால் ஒவ்வொரு முறையும் மறுக்காமல் அழிக்கும் பெரிய 'டி' (-D) போட்டு அடித்துப் பழகியபின், எச்சரிக்கை உண்மையாகவே தேவைப்படும் நாளில் யார் அதைப் படிக்கப்போகிறார்கள்?

கணக்குப் பார்த்தால் வசதிகள்தாம் அதிகம், நண்பர் தாராளமாக மாறலாம். ஆனால் இந்த வாரம் முழுக்கப் பழைய பிராஞ்சுகளைக் களைந்துகொண்டிருந்த மனநிலையில் என்னால் ஐந்துக்கு இரண்டரைக்கு மேல் தர முடியாது. மாறுவதாக இருந்தால் முதல் நாளே, ஃபெட்ச் செய்யும்போதே செத்த பெயர்களைக் களையும் 'ஃபெட்ச்.ப்ரூன்' அமைப்பை 'ட்ரூ' என்று வைத்துவிடட்டும், 2.37ஆம் பதிப்பில் வந்த 'புஷ்.ஆட்டோசெட்டப்ரிமோட்' அமைப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டால், புதிய பிராஞ்சை முதன்முறை புஷ் செய்யும்போது அப்ஸ்ட்ரீம் (அதற்கு இணையான சர்வர் பிராஞ்ச்) இல்லை என்று வரும் பிழையிலிருந்தும் தப்பலாம்.