சோவாஸ் தசைச் சீழ்: குழாய்வழி வடிப்பா, சத்திரசிகிச்சையா?

நீண்டகாலக் குடல் அழற்சியான குரோன் நோய் குடற்சுவரின் முழுத் தடிப்பையும் தாக்குவதால், சில வேளைகளில் சுவர் துளைபட்டு வெளியே சீழ் கட்டுகிறது. அச்சீழ் முதுகெலும்போரமாக இறங்கும் சோவாஸ் தசைக்குள் சேர்வது அரிது. சிறுகுடலின் கடைப்பகுதி வலப்பக்கம் இருப்பதால், பெரும்பாலும் வலப்புறத்திலேயே சேரும். காய்ச்சலோடு வலக்காலை நீட்ட முடியாமல் நொண்டிய என் தம்பிக்கு இதுவே வந்தது. இலங்கையில் இத்தசையில் சீழ் என்றால் காசநோயையும் நினைக்க வேண்டியிருப்பதால், எடுத்த சீழை அதற்காகவும் பரிசோதித்தார்கள்.

குழாய்வழி வடிப்பு, சத்திரசிகிச்சை என்ற இரு வழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பொது. ஏறத்தாழ 3 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டி அதனாலேயே வற்றக்கூடும். பெரிய கட்டிக்கே இத்தெரிவு எழுகிறது.

நாங்கள் குழாயைத் தெரிவுசெய்தோம். இன்றும் முதலில் அதையே சொல்வேன். தொற்றும் மெலிவும் உச்சத்தில் இருக்கையில் குடலை வெட்டி இணைத்தால் இணைப்புக் கசியும் அபாயமும், வயிற்றில் தற்காலிக மலவாய் வைக்க நேரும் வாய்ப்பும் கூடும். ஸ்கேன் பார்த்துத் தோல்வழியே குழாய் செலுத்திச் சீழை வடித்துவிட்டால், பின்னர் குடலின் நோயுற்ற பகுதியை அகற்ற நேர்ந்தாலும் உடல் தேறியபின் நிதானமாகச் செய்யலாம். சிலருக்கு அது தேவைப்படுவதேயில்லை.

ஆனால் குழாய் பயன் தருமா என்பதைத் தீர்மானிப்பது பராமரிப்பு. குழாயோடு வீடு திரும்பினால், தாதியர் பழக்கியபடி கிருமி நீக்கிய சேலைனைச் செலுத்தி அடைப்பின்றி வைத்திருக்க வேண்டும். பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, வடியும் அளவையும் நிறத்தையும் நாள்தோறும் குறிக்க வேண்டும். திருகோணமலை வெக்கையில் வியர்வைக்கு பிளாஸ்டர் கழன்றுவிடும். கிணற்றடிக் குளியலும் கடற்குளிப்பும் கூடாது. அளவு படிப்படியாகக் குறைந்தால் நல்லது. திடீரென நின்று காய்ச்சல் ஏறினால் குழாய் அடைபட்டிருக்கலாம். குறையாமல் தொடர்ந்தாலோ மலநிறமானாலோ குடலோடு புரைவழி (குடலிலிருந்து சீழ்க்கட்டிக்குள் திறந்த பாதை) இருப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். கண்டியிலோ கொழும்பிலோ குழாய் வைத்துத் திரும்புவோர், இரவில் இப்படி நேர்ந்தால் இங்கே யாரிடம் போவது என்பதைப் புறப்படும் முன்னரே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சத்திரசிகிச்சையை நாங்கள் அனுபவிக்கவில்லை. ஆகவே அதன் வலியையும் தேறுங்காலத்தையும் குறைத்தோ கூட்டியோ சொல்ல மாட்டேன். குடல் குறுகி அடைபட்டிருந்தாலோ, கட்டி பல அறைகளாகப் பிரிந்து குழாய்க்கு எட்டாதிருந்தாலோ, வடித்தும் காய்ச்சல் தணியாவிட்டாலோ அதுவே சரியான வழி. அப்போது குழாயை நம்பி நாள் கடத்தக்கூடாது.