ஸ்காட்லாந்தில் காட்டு நிலம் என்று விளம்பரம் வந்தால் காசு கட்டாதீர்கள்: எனக்கு 640 பவுண்டு போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு உட்கார்ந்தால் "போகட்டும் விடு" என்று தோன்றிவிடும், அடுத்த ஆள் மாட்டுவார்.

ஸ்காட்லாந்து மலைப் பகுதியில் காட்டு நிலத்தைத் துண்டு போட்டு, துண்டுக்கொரு பூர்வீக மரம் நட்டு, உங்கள் பெயரிலேயே எழுதித் தருகிறோம் என்று விற்கிற ஓர் இணையதளத்தில் 640 பவுண்டு கட்டினேன். நிலமும் இல்லை, மரமும் இல்லை. கட்டிய காசு 640 பவுண்டை அவர்கள் திருப்பித் தரப்போவதும் இல்லை. தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார்கள் நண்பர்கள். இதே வேலையைச் செய்யும் தளங்கள் வேறும் இருப்பதால் ஒரு பெயரை மட்டும் தெரிந்துகொண்டு தப்பிக்கவும் முடியாது. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகள் எட்டுப் பேர். ஆளுக்கு 10 சதுர அடி, ஒரு துண்டு 80 பவுண்டு. பொம்மையும் சட்டையும் வாங்கிக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு காட்டில் கொஞ்சம் காப்பாற்றிக் கொடுக்கலாமே என்ற எண்ணம்தான். கட்டுவதற்கு முன் அவர்களுடைய அரட்டைப் பெட்டியில் நேராகவே கேட்டேன்: நிலம் சட்டப்படி பிள்ளைகள் பெயரில் பதிவாகுமா? "நிச்சயமாக. ஒவ்வொருவருக்கும் தனி மனை எண் உண்டு, பதிவேட்டில் நிரந்தரமாக இருக்கும்" என்று உடனே பதில் வந்தது. கூடவே ஒரு வரைபடம். அதில் எட்டுப் பச்சைப் புள்ளிகள். பெரிதாக்கிப் பார்த்தால் மலைச்சரிவு, பக்கத்தில் ஓர் ஓடை, ஓடையிலிருந்து மேலே ஏறும் ஒற்றையடிப் பாதை. புள்ளியைத் தொட்டால் பிள்ளைகளில் பெரியவளின் பெயர் வருகிறது! அவ்வளவுதான், அட்டை எண்ணைத் தட்டிவிட்டேன்.

தடித்த காகிதத்தில் சிவப்பு முத்திரையோடு எட்டுச் சான்றிதழ்கள் வந்தன. பிள்ளைகளில் ஒருத்தி சட்டம் படிக்கிறாள். "இந்த எண் ஸ்காட்லாந்து நிலப் பதிவேட்டு எண் மாதிரி இல்லையே" என்றாள். அங்கே உரிமை எண் என்றால் மாவட்டத்துக்கான மூன்று எழுத்து முதலில் வரும், இன்வர்னஸ் என்றால் அதற்கொன்று, அப்புறம்தான் எண்கள். எங்கள் சான்றிதழில் இருந்தது தளத்தின் பெயர்ச் சுருக்கமும் ஒரு வரிசை எண்ணும். அதாவது அவர்கள் சொன்ன பதிவேடு அவர்களுடைய கணினியில் இருக்கிற ஒரு பட்டியல்.

அதன் பிறகு தோண்டித் தோண்டிப் படித்தேன். ஸ்காட்லாந்தில் 1617 முதலே நிலப் பத்திரங்களுக்கு நாடு தழுவிய பதிவேடு இருக்கிறது. இன்று நிலம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற வேண்டுமென்றால் அரசின் நிலப் பதிவேட்டில் ஏற வேண்டும், ஏறினால்தான் உரிமை. இப்படி நினைவுக்காகவும் ஆசைக்காகவும் விற்கிற, வேறு எதற்கும் பயன்படாத குட்டித் துண்டுகளை அந்தப் பதிவேட்டில் ஏற்றவே கூடாது என்று சட்டமே சொல்கிறது. 1979 சட்டத்திலும் சொன்னது, 2012 சட்டத்திலும் சொல்கிறது. ஆக, அரட்டைப் பெட்டியில் அந்த நபர் "நிச்சயமாக" என்று தட்டியபோது, அந்த நாட்டில் நடக்கவே முடியாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். என் கையில் இருப்பது அதிகபட்சம் எனக்கும் அவர்களுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். நாளைக்கு மலையின் நிஜ உரிமையாளர் மொத்தத்தையும் வேறொருவருக்கு விற்றுவிட்டால், வந்தவருக்கு எங்கள் எட்டுப் பேரைத் தெரியவே தெரியாது.

"லேர்ட்" பட்டம் (ஸ்காட்லாந்தில் பெரிய நில உடைமையாளரை அழைக்கும் பெயர்) வேறு இலவசம் என்று போட்டிருந்தார்கள். இந்த மாதிரித் துண்டு வைத்திருப்பவர் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது என்று அங்கே மரபுப் பட்டங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் அலுவலகமே சொல்லியிருக்கிறது. பட்டத்துக்கு நான் ஆசைப்படவில்லை, ஆனாலும் பொய்யின் அளவு தெரியட்டும்.

இதையெல்லாம் விட என்னைக் கொதிக்க வைத்தது "உரிமையாளர் சலுகை". உங்கள் காட்டில் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து நடக்கலாம், கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலத்தில், அது யாருடையதாக இருந்தாலும், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் நடக்கலாம், கூடாரம் போடலாம். காசு கிடையாது, சான்றிதழ் கிடையாது. ஊருக்கே இலவசமாக இருக்கும் உரிமையை எனக்கு 640 பவுண்டுக்கு விற்றிருக்கிறார்கள்.

சரி, நிலம்தான் இல்லை, மரமாவது உண்டா என்று கேட்டேன். படம் அனுப்பினார்கள். கோடு போட்ட மாதிரி வரிசை வரிசையாக, நெருக்கமாக, ஒரே உயரத்தில் ஊசியிலை மரங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். அது சிட்கா ஸ்ப்ரூஸ், வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து மர வியாபாரத்துக்காக நடுவது என்றார். எங்களுக்குச் சொன்னது பிர்ச், ரோவன், ஸ்காட்ஸ் பைன் என்ற அந்த ஊர்ப் பூர்வீக மரங்கள். இன்னொரு படம் கேட்டேன். பொட்டல் மேட்டில் நாலு கன்றுகள், வேலி இல்லை, உறை இல்லை. அந்த மலைகளில் செம்மான் கூட்டம் அதிகம். பாதுகாப்பில்லாத கன்றின் நுனியை மேய்ந்துவிட்டுப் போய்விடும். காடு வளர்க்க வந்தவனுக்கு இது தெரியாமலா இருக்கும்?

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் "உங்கள் கேள்வியைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்". பிறகு "பருவநிலை சரியில்லை, களப்பணி முடிந்ததும் பேசுவோம்". பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் பெயர், முன்பு நடந்தது எதுவும் தெரியாத மாதிரி முதலிலிருந்து கேட்பார். கடைசியில் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு வந்த பதிலைப் பாருங்கள்: "பெயர் அச்சிட்டுத் தயாரித்த அன்பளிப்புப் பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படமாட்டாது." விற்கும்போது நிலம், திருப்பிக் கேட்டால் அன்பளிப்புப் பொருள்! இந்த விளக்கத்தை விற்பனைப் பக்கத்தில் தேடினேன். அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. அரட்டைப் பேச்சை அனுப்பினால், "அந்த ஊழியர் இப்போது எங்களிடம் இல்லை" என்கிறார்கள்.

இந்தத் தந்திரமும் புதிதில்லை. 1955-ல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் கனடாவின் யூகானில் ஒரு சதுர அங்குல நிலத்துக்கான பத்திரங்களைத் தானியப் பெட்டிகளோடு கொடுத்தது, மொத்தம் 2 கோடியே 10 லட்சம். அந்தப் பத்திரங்கள் எதுவும் பதிவாகவில்லை. 37 டாலர் சொச்சம் நில வரி பாக்கி கட்டாததால் 1965-ல் அரசு அந்த நிலத்தையே எடுத்துக்கொண்டது. ஆனால் அது விளம்பரத்துக்காகக் கொடுத்தது. யாரிடமும் 640 பவுண்டு வாங்கவில்லை.

நிஜமாக நிலத்தைக் காப்பாற்றியவர்கள் அதே நாட்டில் இருக்கிறார்கள். எக் (Eigg) தீவு மக்கள் 1997-ல் நன்கொடை திரட்டி, தனியார் கையிலிருந்த தங்கள் தீவை 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். நிலம் ஓர் அறக்கட்டளை பெயரில் இருக்கிறது. காசு கொடுத்தவர்களுக்கு அது நன்கொடை என்று தெரியும், யாருக்கும் பச்சைப் புள்ளி காட்டவில்லை. அந்த மாதிரி இடத்துக்கு 640 பவுண்டு போயிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன், விரிவாகச் சொல்ல இப்போது பொறுமை இல்லை. நிலம் என்று சொன்னால் அரசுப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். ஸ்காட்லாந்துப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். மலை யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அரட்டையைப் படம் எடுத்து வையுங்கள். நன்கொடை கொடுக்க நினைத்தால் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு நன்கொடையாகவே கொடுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் உடனே வங்கியிடம் புகார் செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள். என் புகார் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம்.

நேற்று அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல். மதிப்புமிக்க நில உரிமையாளரே, பக்கத்து 20 சதுர அடி உங்களுக்கு மட்டும் பாதி விலை.