அம்லோடிபின் பிபி மாத்திரை: ரெண்டரை வருஷமா போடுறேன்

கடலூர் முதுநகர், வயசு 54, துறைமுகத்துல மீன் ஏலம் எடுக்குற வேலை. அம்மாவுக்கு சுகர் மாத்திரை குடுக்க மக்களைத் தேடி மருத்துவத்துல வர்ற பொண்ணு ஒரு நாள் "அண்ணே நீங்களும் உக்காருங்க, பாத்துர்றேன்"னு கைல பட்டைய கட்டுச்சு, 168க்கு 102. எனக்கு ஒரு தலைவலி கூட இல்ல அப்போ.

முதல்ல 5 மி.கி. குடுத்தாங்க, தினமும் ஒண்ணு, சாப்புடறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ எப்ப வேணா போடலாம். மூணு நாள் கழிச்சும் 160க்கு கீழ இறங்கல, வீட்டுல "ஏங்க இது வேலையே செய்யல, வேற டாக்டர பாப்போம்"னு ஒரே சண்டை. ஆனா இது மெதுவாதான் பிடிக்கும், போட்ட மருந்துல பாதி வெளியேறவே 30லேர்ந்து 50 மணி நேரம் ஆகுமாம், அதனால ஒரு வாரம் விடாம போட்டாதான் ரத்தத்துல ஒரே அளவா நிக்கும். நான் விடியக்காலம் 3 மணிக்கு கிளம்புற ஆளு, ஒரு வேளை மாத்திரை நாள் பூரா தாங்குறது பெரிய நிம்மதி.

இப்ப குறைய சொல்றேன். பிபி முழுசா இறங்கலன்னு 10 மி.கி. ஆக்கினாங்க, ஒரு மாசத்துல ரெண்டு கணுக்காலும் வீங்கிடுச்சு, நின்னே பாக்குற வேலை வேற, சாயங்காலம் செருப்பு வாரு பதிஞ்சு கிடக்கும், விரலால அமுக்குனா குழி விழும். கிட்னி போச்சுன்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னதுல பயந்துபோய் நானே நிறுத்திட்டேன். ஒரு மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே நீர் மாத்திரை குடுத்தாங்க, அதப் போட்டு நாள் முழுக்க ஒண்ணுக்கு போனதுதான் மிச்சம், வீக்கம் சரியா வத்தல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. ரெண்டு வாரத்துல 174க்கு 104, அன்னைக்கு ராத்திரி வீட்டுல யாரும் தூங்கல.

டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. ரத்தக்குழாய் சுவர்ல இருக்குற தசைக்குள்ள கால்சியம் போனாதான் அது இறுகும், இந்த மாத்திரை அந்த வழிய அடைக்குது, குழாய் தளர்ந்து பிபி இறங்குது. ஆனா ரத்தம் உள்ள வர்ற சின்ன தமனிங்க விரியுற அளவுக்கு வெளிய போற சிரைங்க விரியறதில்ல, அதுல அழுத்தம் ஏறி தண்ணி கசிஞ்சு கீழ கால்ல தங்குது, உடம்புல தண்ணி கூடுனதால வர்ற வீக்கம் இல்லங்கறதாலதான் நீர் மாத்திரைக்கு அவ்வளவா கேக்காது. கிட்னி நல்லா இருக்கான்னு தெரிய ரத்தத்துல கிரியாட்டினின், யூரின் ரெண்டும் பாத்தாங்க, நார்மல். மறுபடி 5 ஆக்கி கூட டெல்மிசார்டன்னு இன்னொரு வகை பிபி மாத்திரை 40 மி.கி. சேத்தாங்க, அது சிரைப் பக்கத்தையும் விரிக்கறதால வீக்கத்தையும் குறைக்குமாம், எனக்கு மூணு வாரத்துல கால் பழையபடி ஆச்சு. பாண்டில இருக்குற என் மச்சானுக்கு இதே தொல்லைக்கு சில்னிடிபின் மாத்திக் குடுத்தாங்க, அதுவும் அம்லோடிபின் வகைதான், வீக்கம் கம்மி.

இப்ப 130க்கு 82. கருவாட்ட மாசம் ஒரு நாள்னு ஆக்கிட்டேன், அதுவும் சேந்துதான் இறங்கியிருக்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே கிடைக்குது, தீந்துபோனா மக்கள் மருந்தகத்துலயும் விலை ரொம்ப கம்மி.

கால் வீங்குனா நிறுத்தாதீங்க, மாத்திரைய எழுதிக் குடுத்தவங்ககிட்டயே போய் கால காட்டுங்க. ஒரு கால் மட்டும் வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ அது வேற, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும்னு டாக்டரம்மா ரெண்டு தடவ சொல்லி அனுப்புனாங்க.