மைட்டர் சாவுக்கு ஒரு சைக்ளோன் பிரிப்பான்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கோவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும், பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட தகரக் கொட்டகைதான் என் பட்டறை. படச்சட்டம், பூஜை மாடம், முக்காலி, அலமாரிச் சட்டம் என்று விடுமுறை நாட்களில் நான் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை ஒரு 10 அங்குல மைட்டர் சாவில்தான், அதாவது சுழலும் வட்டப் பிளேடை மேலிருந்து இறக்கி மரத்தைக் குறுக்கே அறுக்கும் இயந்திரத்தில்தான், தொடங்குகின்றன. அந்த இயந்திரத்தின் வெட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது கிளப்பும் தூள் மாடிப்படி வழியாக இறங்கி வீட்டுக்குள் வந்தது, கொடியில் காய்ந்த துணிகளில் படிந்தது, மாடியில் வடகம் காயும் நாட்களில் இயந்திரத்தைத் தொடவே முடியாமல் செய்தது. ஒருநாள் மாலை முழுவதும் தேக்கு அறுத்துவிட்டு, முழங்கைக்குக் கீழே அரிப்பெடுத்து இரவு தூங்க முடியாமல் கிடந்த பிறகுதான் இதற்கென்று பணம் செலவழிப்பது என்று முடிவு செய்தேன். வாங்கியது, கூம்பு வடிவப் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு சைக்ளோன் தூள் பிரிப்பான். இணைப்புக் குழாயும் சேர்த்து 3000 ரூபாய்க்குள் முடிந்தது. ஏற்கெனவே வீட்டில் இருந்த 1400 வாட் வேக்குவம் கிளீனருடன் இணைத்து எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

எவ்வளவு தூளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் கணக்கிட்டுவிடலாம். என் பிளேடின் வெட்டு அகலம் 2.5 மில்லிமீட்டர். 75 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு தேக்குச் சட்டத்தைக் குறுக்கே ஒருமுறை அறுத்தால் ஏறத்தாழ 4.7 கன சென்டிமீட்டர் மரம் தூளாகிறது. தேக்கின் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 0.65 கிராம் என்று கொண்டால் அது 3 கிராம். நூறு வெட்டுக்கு 300 கிராம். உதிரியாக அள்ளினால் ஒரு லிட்டர்ப் படியைத் தாண்டும். இதில் ரவை போன்ற பகுதி தரையில் விழுந்துவிடுகிறது, பெருக்கி அள்ளிவிடலாம். மாவு போன்ற பகுதிதான் இயந்திரத்தை நிறுத்திய பிறகும் வெகுநேரம் காற்றிலேயே நிற்கிறது. காலை வெயில் கிழக்குச் சன்னல் வழியே சாய்வாக விழும் நேரத்தில் நான்கு வெட்டு வெட்டிவிட்டு அந்த ஒளிக்கற்றையைப் பார்த்தால், நாம் எதைச் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகைப் பொருட்களில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதைச் சூழ்ந்த எலும்பறைகளிலும் வரும் புற்றுநோயே இதில் முதன்மையானது. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசாரி, “தூளோட தூளாத்தான் தம்பி நம்ம பொழப்பு” என்பார். அவர் காலத்தில் கைவாளின் தூள் காலடியில் குவிந்தது. நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் முறை சுற்றும் பிளேடின் தூளை அப்படி விட்டுவிட முடியாது.

இயந்திரத்தோடு வந்த துணிப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளேடு சுற்றும் காற்று தள்ளிவிடும் அளவுக்குத்தான் அதற்குள் தூள் போகும். பை பாதி நிறைந்ததும் அதுவும் நின்றுவிடும். நெசவு இடைவெளி வழியாக நுண்தூள் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

சைக்ளோன் பிரிப்பானுக்கு வருகிறேன். வேக்குவம் இழுக்கும் காற்று இதன் பக்கவாட்டு வாய் வழியே நுழைந்து கூம்பின் உட்சுவரை ஒட்டிச் சுழல்கிறது. எடையுள்ள துகள்கள் சுவரில் ஒதுங்கி, சறுக்கி, கீழே பொருத்திய வாளியில் விழுகின்றன. எடை குறைந்த காற்று நடுவில் மேலேறி வேக்குவத்துக்குப் போகிறது. உள்ளே அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை, ஆகவே பழுதாக ஒன்றுமில்லை. தன் வேலையை இது நன்றாகவே செய்கிறது. முன்பெல்லாம் வேக்குவத்தின் மடிப்பு ஃபில்டர் ஒரே மாலையில் அடைத்துக்கொண்டு இழுவிசை பாதியாகிவிடும், அதைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்வதே ஒரு தனி வேலை. இப்போது மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் மடிப்புகளில் சந்தனம் பூசியதுபோல ஒரு மெல்லிய படலம் மட்டுமே இருக்கிறது. அந்தப் படலம் முக்கியமானது. சைக்ளோனுக்குப் பிடிபடாமல் தப்புவது மிக நுண்ணிய தூள்தான் என்பதால், வேக்குவத்தின் ஃபில்டர் சாதாரணத் துணியாக இருந்தால் நுரையீரலுக்கு மிகக் கெடுதலான பகுதியை மட்டும் வடித்தெடுத்து அறைக்குள் மறுபடி ஊதிவிடுவோம். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் ஹெப்பா (HEPA) என்ற நுண்வடிகட்டி ஃபில்டரைத் தனியாக வாங்கிப் போட்டேன். அது இல்லாமல் இந்தப் பிரிப்பானை வாங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பொருத்தும்போது இரண்டு தொல்லைகள் வந்தன. என் இயந்திரத்தின் தூள்வாய், அதாவது தூள் வெளியேறும் குழாய்முனை, 38 மில்லிமீட்டர், ஹோஸ் 35 மில்லிமீட்டர். விற்ற கடையில் இதற்கான அடாப்டர் உண்டு என்று சொல்லிவிட்டு, பொருந்தாத ஒன்றை இருமுறை அனுப்பினார்கள். கடைசியில் ஹோஸின் முனையை வெந்நீரில் இளக்கி விரித்து, மேலே சைக்கிள் டியூபை இரண்டு சுற்றுச் சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன். இன்றுவரை கழன்றதில்லை.

இரண்டாவது தொல்லை வாளி. 20 லிட்டர் பெயின்ட் வாளியின் மூடியில் துளையிட்டுப் பிரிப்பானை மாட்டிக்கொள்ளலாம் என்று விளக்கத் தாளில் இருந்தது, அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் ஒரு மரச்சிம்பு ஹோஸின் வளைவில் குறுக்கே சிக்கியது. வேக்குவத்தின் சத்தம் கீச்சென்று உயர்ந்தது, நான் திரும்புவதற்குள் வாளியின் இடுப்பு ‘டப்’ என்று உள்வாங்கி, மூடி ஒருபக்கம் எழும்பி, சேர்ந்திருந்த தூள் முழுவதும் ஒரே மூச்சில் வேக்குவத்துக்குள் போய்விட்டது. காற்றுவழி அடைபட்டால் வாளிக்குள் அழுத்தம் சட்டென்று விழும். மெல்லிய பிளாஸ்டிக் அதைத் தாங்காது. புது வாளிக்குள் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் இரண்டு வளையங்கள் அறுத்து, விலா எலும்பு போல மேலும் கீழும் இறுக்கிவைத்த பிறகு அந்தச் சிக்கல் இல்லை. மூடியின் விளிம்பில் ஃபோம் பட்டை ஒட்டுவதும் அவசியம். வாளியில் ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் அந்த வழியே நுழையும் காற்று, விழுந்த தூளைக் கிளப்பி மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். வாளியைக் காலி செய்து, சுற்றிலும் பெருக்கிவிட்டு, வேக்குவத்தை ஓடவிட்டு, ஊதுபத்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், புகை எந்த இணைப்பை நோக்கி வளைகிறதோ அங்கேதான் கசிவு. மேலும், வாளி மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் கொட்டிவிட வேண்டும்.

இத்தனையும் செய்து, பிரிப்பான் குறையில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகும் தரையில் தூள் கிடந்தது. என் கணிப்பில் பாதிக்குக் குறையாமல் வெளியேதான் விழுந்தது. இந்தப் பொருளை வாங்க நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்: தூள்வாய்க்குள் வந்து சேர்ந்த தூளைத்தான் பிரிப்பான் பிரிக்கும், வாய்க்கு வராத தூளை அது ஒன்றும் செய்யாது. மைட்டர் சாவில் பிளேடின் கீழ்ப்பற்கள் நம்மிடமிருந்து பின்பக்கம் நோக்கி ஓடுகின்றன, ஆகவே தூளும் ஃபென்சுக்கு, அதாவது மரத்தை ஒட்டிவைத்து அறுக்கும் தடுப்புக்கு, பின்னால்தான் வீசப்படுகிறது. அதை ஏந்திக்கொள்ள அங்கே ஒரு சிறிய ரப்பர் மடல் தொங்குகிறது. என் இயந்திரத்தில் அதன் நீளம் கட்டைவிரல் அளவுதான். மடலுக்குக் கீழேயும் இருபுறமும் பறந்த தூளை, எவ்வளவு வலுவான வேக்குவமும் திரும்ப இழுத்துக்கொள்வதில்லை. குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப்போனாலே இழுவிசை ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது.

எனவே பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் ஒரு துண்டு வாங்கிவந்து, அந்த மடலை நீட்டினேன். அகலம் தூள்வாயைவிட இருபுறமும் இரண்டு விரல் கூடுதல். கீழ்முனை, பிளேடு முழுவதும் இறங்கிய நிலையில் மேசையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஓரங்கள் சற்று முன்னோக்கி வளைந்து முறம்போல ஏந்தும். ரப்பர் இளக்கமானதாக இருப்பதால் கனமான சட்டம் வரும்போது ஒதுங்கிக்கொடுத்து, பிறகு தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. இதைச் செய்பவர்கள் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிளேடை முழுவதும் இறக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, பிளேடுத் தலை முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை நகர்த்தி, இடமும் வலமும் 45 டிகிரி திருப்பி, பிளேடைச் சாய்த்தும் பார்த்து, எந்த நிலையிலும் ரப்பர் பல்லைத் தொடவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐம்பது ரூபாய் ரப்பர், ஒருமணி நேர வேலை. தரையில் விழும் தூள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தது. பிரிப்பான் செய்ததைவிட இந்த மடல் செய்தது அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன். மேசையின் நடுவில் பிளேடு இறங்கும் பிளவுள்ள தகட்டை மாற்றி, பிளேடின் அகலத்துக்கே அறுத்த 6 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டையைப் போட்டதில், கீழே ஒழுகும் தூளும் நின்றது. மரத்தின் அடிப்பக்கம் பிசிறு எழுவதும் சேர்ந்தே குறைந்தது.

இதையும் மீறிப் பறக்கும் தூளைப் பிடிப்பதற்காக இயந்திரத்தின் பின்னால் ஒரு பிளைவுட் கூண்டு கட்டியிருக்கிறேன். பின்பலகை 75 சென்டிமீட்டர் அகலம். 45 டிகிரி வெட்டில் தூள் பக்கவாட்டில் வீசும் என்பதால் இதற்குக் குறைத்தால் பயனில்லை. ஸ்லைடு கம்பிகள் பின்னால் நீளும் இயந்திரமானால் ஆழமும் அதற்கேற்பக் கூடும், சுவரோரம் இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். கூண்டின் தரை சரிவாக இறங்கி ஒரு தொட்டியில் முடிகிறது. இதில் வேக்குவம் இணைக்கவில்லை, இணைத்தாலும் பயன்படாது. 35 மில்லிமீட்டர் ஹோஸின் குறுக்குப் பரப்பைவிட 100 மில்லிமீட்டர்க் குழாயின் பரப்பு எட்டு மடங்கு. கூண்டு நிறையக் காற்றை நகர்த்த, குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்றை இழுக்கும் பை வகை டஸ்ட் கலெக்டர்தான் வேண்டும். நண்பர் ஒருவரின் பட்டறையில் 1 குதிரைத்திறன் கலெக்டரை இதேபோன்ற கூண்டுடன் நாலங்குலக் குழாயில் இணைத்திருக்கிறார். அங்கே காலை வெயிலில் பார்த்தபோது தூள் கூண்டுக்குள் ஒழுகிப்போவதைக் கண்ணால் காண முடிந்தது. இடமும் பணமும் உள்ளவர்கள் அதையே செய்யலாம். என் கொட்டகையில் அதற்கு இடமில்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் மைட்டர் சா 1800 வாட், வேக்குவம் 1400 வாட். இரண்டும் சேர்ந்தால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 14 ஆம்பியர். 6 ஆம்பியர் பிளக்கில் ஒரு ஸ்பைக் பஸ்டரைச் சொருகி இரண்டையும் ஓட்டுவது ஆபத்து. இரண்டுக்கும் தனித்தனி லைன் இழுத்து, வேக்குவத்தை முதலில் போட்டு, வெட்டு முடிந்து பத்து வினாடி கழித்து அணைக்கிறேன். பங்குனி, சித்திரை வறட்சியில் பிளாஸ்டிக் ஹோஸில் நிலைமின்சாரம் ஏறிக் கையில் சுரீரென்று அடிக்கிறது. ஹோஸைச் சுற்றி ஒரு வெற்றுச் செம்புக் கம்பியை ஓட்டி எர்த்தில் சேர்த்த பிறகு அது தணிந்தது.

ஆகவே, மைட்டர் சாவும் வேக்குவமும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரிப்பானைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன், ஆனால் ரப்பர் மடலை முதலில் செய்துவிட்டு, அதன் பிறகு பிரிப்பானை வாங்குங்கள். எட்டு மாதத்துக்குப் பிறகும் என்னால் அடக்க முடியாதது, அகலப் பலகையில் ஸ்லைடை முன்னே இழுத்து வெட்டத் தொடங்கும்போது பிளேடு கவசத்தின் அடியிலிருந்து முகத்தை நோக்கி வரும் சிறு வீச்சு. அதற்காக என்95 மாஸ்க் இன்னும் ஆணியில் தொங்குகிறது. எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுக்கும் நாட்களில் அதைக் கழற்றுவதே இல்லை. எம்டிஎஃப் தூளில் ஃபார்மால்டிஹைடு பசை கலந்திருப்பதால் அதைத் தனிச் சாக்கில் கட்டிக் குப்பைக்கு அனுப்புகிறேன். மற்ற மரத்தூளோடு சேர்த்துத் தொட்டிச் செடிகளுக்குப் போடுவதில்லை.